இவாஞ்சலினும் ஈரம் காட்டிய சுவரும்

இவாஞ்சலினுக்குத் துணியைப் பற்றி எல்லாம் தெரியும். மரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. இதை அவளே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்ததால், வேறு யாரும் மெனக்கெட்டுக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. ராஜபாளையத்தில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனியில் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே செக்கிங் வேலை பார்த்தவள். துணியை வெளிச்சத்துக்கு நேரே இழுத்துப் பிடித்தால் போதும், எங்கே இழை விட்டிருக்கிறது, எங்கே எண்ணெய்க் கறை இருக்கிறது என்று கண் தானாகப் போய் நிற்கும். அவள் தள்ளிவைத்த துணிக்காக யாரும் திரும்பி வந்து வாதாடியதில்லை. அந்த ஒரு பெருமை அவளுக்கு உண்டு, அதை மறைத்துக்கொள்ளவும் மாட்டாள்.

கம்பெனி முதலாளி சௌந்தரபாண்டியன் ஒரு கோடை விடுமுறைக்குக் கொடைக்கானல் போய் மர வீட்டில் தங்கிவிட்டு வந்தார். குளிர் மண்டைக்கு ஏறிவிட்டதோ என்னவோ, வந்த கையோடு செட்டியார்பட்டிப் பக்கம் சும்மா கிடந்த குடோனைக் காலி செய்து, இனி மர வீடு செய்யப் போகிறேன் என்றார். குடோனிலேயே வீட்டைச் சுவர் சுவராகச் செய்து, லாரியில் ஏற்றிக்கொண்டு போய், மனையில் நிறுத்தி போல்ட்டு போட்டு முறுக்கிவிட வேண்டியது. செங்கல் இல்லை, சிமெண்டு இல்லை. கட்டிலுக்குக் கூரை போட்டு விற்கப் போகிறார் அண்ணாச்சி என்று டீக்கடையில் சிரித்தார்கள். அவர் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல் இவாஞ்சலினைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏம்மா, இனிமே ஒனக்கு அங்கதான் செக்கிங்."

"அண்ணாச்சி, மரத்தப் பத்தி எனக்கு என்ன தெரியும்?"

"செக்கிங்னா செக்கிங்தான். துணின்னா என்ன, மரம்னா என்ன? நல்லத உள்ள விடு, கெட்டத வெளிய தள்ளு."

சொல்ல எளிதாகத்தான் இருந்தது. எது நல்லது, எது கெட்டது என்பதில்தான் அவள் தலை சுற்றிப்போனது.

சொல்லிக்கொடுக்கக் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். நல்ல மனிதர், பொறுமைசாலி. இரண்டு ஊசி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன மீட்டரைக் கையில் கொடுத்து, மரத்தில் குத்தினால் உள்ளே எவ்வளவு ஈரம் என்று எண் காட்டும் என்றார். பன்னிரண்டு, பதின்மூன்று என்றால் சரி. பதினெட்டைத் தாண்டினால் அந்தச் சுவரைத் தள்ள வேண்டும். பூஞ்சை பிடிக்கும், பலகை முறுக்கிக்கொள்ளும். இதுவரை அவளுக்குப் புரிந்தது. அடுத்து, இந்த வீடு பூமிக்கு எவ்வளவு தூரம் நல்லது என்பதையும் மதிப்பிட்டு எழுத வேண்டும் என்று ஆரம்பித்தார். அங்கேதான் வண்டி குடை சாய்ந்தது.

பைன் மரம் நியூசிலாந்திலிருந்து கப்பலேறித் தூத்துக்குடிக்கு வருகிறது. வெட்டுவதற்கென்றே வளர்த்த மரம், வெட்டிய இடத்தில் மறுபடியும் நட்டிருக்கிறார்கள், சான்றிதழ் இருக்கிறது, ஆகவே நல்லது. குடோனுக்குப் பின்னால் காற்றில் சாய்ந்து கிடக்கும் வேம்புக்குச் சான்றிதழ் இல்லை. ஆகவே எழுத முடியாது. அப்படியானால் கப்பல் குடிக்கிற எண்ணெய்? அது வேறு கணக்கு. கரையானுக்கு மருந்தடித்தால் மரம் நெடுநாள் இருக்கும், அது நல்லது. மருந்து மண்ணில் இறங்கும், அது கெட்டது. வீடு நீண்ட காலம் ஒரே இடத்தில் நின்றால் நல்லது. கழற்றி வேறு இடத்தில் மாட்ட முடிந்தால் அதுவும் நல்லது.

"நிக்கதும் நல்லது, கழலுததும் நல்லதுன்னா எப்படி?" என்று அன்று வீட்டில் சோறு போடும்போது புலம்பினாள்.

அவள் கணவன் பெனின் மினிபஸ் ஓட்டுகிறவன். குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னான்: "ஏட்டி, வேதபாட வகுப்புலகூட நீ இம்புட்டு கேள்வி கேட்டதில்லையே."

கேள்வி கேட்டுக்கொண்டேதான் அவள் அந்த வேலையைப் பழகினாள். சில வீடுகள் போயின. ஒரு டாக்டரின் தோப்பில் ஒன்று, ஒரு பள்ளிக்கூடத்துக்கு வாசிப்பறையாக ஒன்று. அதற்குப் பிறகு வந்தவள்தான் விஜி.

விஜிக்கு வன்னியம்பட்டி. தையல்காரி. கட்டியவன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவன் திரும்பவே இல்லை. கொஞ்ச காலம் எதிர்பார்த்துவிட்டு, தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வைகுண்டராஜ் வீட்டுக்கு வந்துவிட்டாள். வைகுண்டராஜ் கதிரறுக்கும் மெஷினை வாடகைக்கு விடுகிறவர், குரல் பெரிசு. தங்கை தனியாக ஒரு வீடு போட்டுக்கொள்ள வேண்டும் என்று கேட்டபோது, "இடம் கெடக்கு, கட்டிக்கோ. எழுதித் தாரதெல்லாம் நடக்காது" என்று சொல்லியிருந்தார்.

குடோனுக்கு வருகிறவர்கள் கரையான் அரிக்குமா, தீப்பிடிக்குமா, மழைக்குத் தாங்குமா என்றுதான் கேட்பார்கள். விஜி எதையும் கேட்கவில்லை. சுவர்களைத் தடவிக்கொண்டே ஒரு சுற்று வந்தாள். பிறகு இவாஞ்சலினிடம் வந்து நின்றாள்.

"மேடம், இதக் கழட்டிக் கொண்டு போக முடியுமா?"

"முடியும்மா. போல்ட்டுதான்."

"எங்க வேணாலும்?"

"லாரி போற எடம் எங்கயும்."

அன்றைக்கே முன்பணம் கட்டிவிட்டுப் போனாள். இந்தப் பேச்சு எப்படியோ வைகுண்டராஜ் காதுக்குப் போய்விட்டது. கழற்றிக்கொண்டு போவதற்கென்றே எவளாவது வீடு கட்டுவாளா என்று ஊரில் நாலு பேரிடம் கேட்டாராம். தங்கையிடம் கேட்கவில்லை, அவளோடு பேச்சையே நிறுத்திவிட்டார்.

ஆனாலும் வாசக்கால் வைக்கும் நாளில் முதல் ஆளாக வந்து நின்றார் என்று சொன்னான் பாண்டி. சுவர்களை மாட்டுகிற ஆட்களுக்கு அவன்தான் தலைவன். செங்கல் வீட்டில் வாசக்காலைத் தனியாக நிறுத்திப் பூசை செய்வார்கள். மர வீட்டில் வாசக்கால் முன்சுவரோடு சேர்ந்தே வருகிறது. அதனால் நல்ல நேரம் பார்த்து முன்சுவரையே முதலில் நிறுத்தச் சொல்லி, மஞ்சள் பூசி, பால் ஊற்றி, எல்லாவற்றையும் வைகுண்டராஜே முன்னால் நின்று செய்தாராம். ஒரு ஆளைக் கிட்டே விடவில்லையாம். "தங்கச்சிகிட்டப் பேசல, ஆனா எங்கள அம்புட்டு ஏச்சு ஏசிட்டாரு மேடம்" என்றான் பாண்டி. இவாஞ்சலின் அன்றைக்குப் போகவில்லை. அவளுக்கு வேலை வீடு முடிந்த பிறகுதான்.

வீடு முடிந்தது. ஐப்பசி மழை இரண்டு மூன்று தடவை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் மீட்டரைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறி, வன்னியம்பட்டி போய்ச் சேர்ந்தாள். பின்சுவர் பன்னிரண்டு. பக்கச்சுவர்கள் பதினொன்று, பதின்மூன்று. நல்ல பிள்ளைகள். முன்சுவரில் வாசக்காலுக்குப் பக்கத்தில் குத்தினாள். இருபத்தாறு.

ஊசியைத் துடைத்துவிட்டு மறுபடியும் குத்தினாள். இருபத்தாறு. மீட்டருக்குப் பேட்டரி மாற்றினாள். தன் கண்ணாடியையும் துடைத்துக்கொண்டாள். எண் மாறவில்லை. வாசக்காலுக்கு மேலே தலை உயரத்தில் குத்தினால் பன்னிரண்டு. கீழே வர வர ஏறியது. கூரை ஒழுகவில்லை. அந்தச் சுவர்ப்பக்கம் தண்ணீர்க் குழாயே கிடையாது. அடித்தளம் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குக் கல்தூணில் நிற்கிறது, மண் தொடவே இல்லை. கையை வைத்துப் பார்த்தாள். அடிப்பலகை இலேசாக வியர்த்திருந்தது.

மத்தியானம் வெயில் ஏறியதும் தொட்டால் காய்ந்திருந்தது. சரி, மழைச் சாரல்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு மீட்டரை வைத்தால் இருபத்திரண்டு. மறுநாள் கம்பெனியிலிருந்த இன்னொரு மீட்டரைக் கொண்டுவந்தாள். அது இருபத்தேழு என்றது. காய்ந்த மரம் நனைந்திருக்கிறது என்கிறது மீட்டர். நனைந்த மரம் காய்ந்திருக்கிறது என்கிறது கை. துணியாக இருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருப்பாள். சுவரை எந்த வெளிச்சத்தில் பிடிப்பது? அவளுக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு பொருளுக்கு முன்னால் இப்படித் திருதிருவென்று முழித்தபடி அவள் நின்றதில்லை.

கோயம்புத்தூர்க்காரருக்குப் போன் போட்டாள். ஈரமாகவும் இருக்கலாம், மரத்துக்குள் வேறு ஏதாவது புகுந்து மீட்டரை ஏமாற்றவும் செய்யலாம், உள்ளே திறந்து பார்க்காமல் நானும் சொல்ல முடியாது என்றார் அவர். பலகைகளைப் பசையும் ஆணியும் போட்டுக் குடோனிலேயே மூடியிருந்தார்கள். சுவரின் அடிப்பக்கம் மட்டும்தான் திறப்பு. அதைப் பார்க்க வேண்டுமென்றால் சுவரையே கழற்றித் தூக்கியாக வேண்டும்.

முதலாளிக்குப் போன் போட்டாள்.

"பதினேழுன்னு போட்டு முடிச்சிரும்மா. மழைக்காலம்லா, காஞ்சிரும்."

"காயலன்னா அண்ணாச்சி?"

"அப்பப் பாத்துக்கிடலாம்."

"அப்ப நான் பாக்கணுமா, அந்தப் பிள்ள பாக்கணுமா?" என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகு பயமாகத்தான் இருந்தது.  முதலாளி, என்ன செய்யணுமோ செய் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

சுவரைக் கழற்ற வேண்டும் என்று அவள் சொன்ன வார்த்தை வைகுண்டராஜை எட்டுவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"வச்ச வாசக்கால யாராச்சும் எடுப்பாகளா? அது வெளங்காது. எடுத்துட்டா பொறவு என் எடத்துல அந்த வீடே வேண்டாம். லாரிய வரச்சொல்லி மொத்தமா ஏத்திக்கிட்டுப் போங்க."

தங்கையைப் பார்த்துச் சொல்லவில்லை, இவாஞ்சலினைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் அடி விழுந்தது விஜிக்கு. அவள் முகம் செத்துப்போனது. தள்ளு என்று எழுதினால் அவளுக்கு வீடு இல்லை. சரி என்று எழுதினால் என்றைக்காவது ஒரு மழையில் முன்சுவர் இற்றுப்போய் அவள் மேலேயே சாயும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மீட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள் இவாஞ்சலின்.

விஜி அவளைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனாள்.

"அக்கா, ஒளிக்காமச் சொல்லுங்க. நீங்களா இருந்தா இந்த வீட்டுல படுப்பீயளா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் சுலபம். ஆமாம் என்று சொல்வது அதைவிடச் சுலபம்.

"எனக்குத் தெரியலம்மா" என்றாள் இவாஞ்சலின். "கை ஒண்ணு சொல்லுது, மீட்டரு ஒண்ணு சொல்லுது. எத நம்பன்னு தெரியல. தெரியாததுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஒங்கண்ணன் சொல்லுததையும் கேட்டேன். வீடு உன்னுது, நீதான் சொல்லணும்."

விஜி தன் வீட்டை ஒரு தடவை பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். பிறகு பாண்டி பக்கம் திரும்பி, "அண்ணே, கழட்டுங்க" என்றாள்.

பாண்டி தயங்கினான். வைகுண்டராஜ் இருக்கிறாரே என்ற தயக்கம் என்று இவாஞ்சலின் நினைத்தாள். விஜி காத்திருக்கவில்லை. அவன் சாமான் பையிலிருந்து ஸ்பேனரை உருவிக்கொண்டு, வாசலில் குத்தவைத்து உட்கார்ந்து முதல் நட்டில் போட்டாள். அது லேசாகச் சுழன்றது. மேலே இருந்தவை எல்லாம் சுழன்றன. வாசக்காலுக்குக் கீழே இருந்த இரண்டு மட்டும் அசையவில்லை. பாண்டி வந்து மண்ணெண்ணெய் விட்டு, செத்த நேரம் ஊறவிட்டு, காலை உதைத்துக்கொண்டு திருகினான். கறக் கறக்கென்று சத்தம் போட்டுக்கொண்டு வெளியே வந்த போல்ட்டு முழுக்கத் துரு. மற்றச் சுவர்களின் போல்ட்டுகள் புது எவர்சில்வர் கரண்டி போல இருந்தன. இவாஞ்சலின் அதை வாங்கி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாள். இன்னும் ஒன்றிரண்டு மழைக்காலம் போயிருந்தால் இது கழன்றிருக்காது. இந்தச் சுவரை அறுத்துத்தான் எடுத்திருக்க வேண்டும்.

ஆட்கள் தோள் கொடுத்துச் சுவரைத் தூக்கினார்கள். அது நின்ற அடிக்கட்டையின் மேல், வாசக்காலுக்கு அடியில், நீளத்துக்குக் கசகசவென்று ஏதோ குவிந்து கிடந்தது. ஊறிக் கறுத்துப்போன நெல், உளுந்து, எள்ளு. ஒரு மஞ்சள் கிழங்கு. அவற்றை மூடிக்கொண்டு, பாதி கரைந்தும் கரையாமலும், கல் உப்பு.

உப்பு. இவாஞ்சலின் வாயைப் பிளந்தாள். மழைக்காலத்தில் வீட்டு உப்பு ஜாடி என்ன பாடு படுத்தும் என்று தெரியாத பெண்பிள்ளை உண்டா? காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து, தானும் கசிந்து, பலகைக்கும் ஊட்டியிருக்கிறது. அதுதான் மீட்டரையும் பித்துப் பிடிக்க வைத்திருக்கிறது.

"ஏ பாண்டி, ஒனக்குத் தெரியுமா இது?"

"தெரியும் மேடம். வாசக்காலுக்கு அடியில வைக்கதுதான? சாமி காரியத்தப் போய் மரக்கணக்குல யாரு சொல்லுவா? நீங்க வேற வேதக்காரவிய. ஒங்களுக்கு இது என்ன தெரியப்போகுதுன்னு விட்டுட்டேன்."

"எங்க வீட்டு வாசக்காலுக்கும் பால் ஊத்தித்தாம்லே வச்சாக. பாஸ்டர் ஜெபம் பண்ணி முடிச்சதும் எங்க அத்தை ஊத்துனா" என்றாள் இவாஞ்சலின். கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. "ஆனா இம்புட்டு உப்பு யாருலே வைப்பா?"

பாண்டி வைகுண்டராஜ் பக்கம் பார்த்தான்.

அவர் குரல் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்து விட்டுக்கொண்டார்.

"நான்தான் வச்சேன்" என்றார். "எங்கம்மை வைப்பா. உப்பு வச்ச வீட்ட விட்டு ஆளு போகாதும்பா. ஒரு கைப்பிடி வைக்கணும்."

"இது கைப்பிடியாண்ணே?" என்று கேட்டாள் விஜி. வெகு நாளைக்குப் பிறகு அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது.

"கடையில வாங்குன பாக்கெட்டு எல்லாத்தயும் வச்சேன். நீதான் கழட்டிக்கிட்டுப் போறேன்னு சொல்லிட்டுத் திரியுதியே. ஒரு கைப்பிடி காணாதுன்னு நெனச்சேன்."

யாரும் சிரிக்கவில்லை.  கொஞ்ச நேரம் முன்பு வரை இவாஞ்சலின் அந்த ஆளைக் கல்நெஞ்சக்காரன் என்று முடிவு கட்டி வைத்திருந்தாள். தங்கையைப் போகவிடக்கூடாது என்று பொட்டலம் பொட்டலமாக உப்புக் கொட்டியவரும் இவர்தான், லாரியில் ஏற்றிக்கொண்டு போ என்றவரும் இவர்தான். எதை உள்ளே விடுவது, எதை வெளியே தள்ளுவது?

விஜி கையிலிருந்த துருவை முந்தானையில் துடைத்தாள்.

"நான் போகக் கூடாதுன்னு நெனச்சா, அந்த எடத்த எழுதிக் குடுத்திருக்கலாமேண்ணே" என்றாள்.

குரலை உயர்த்தவில்லை. விலை கேட்கிற மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னாள்.  வைகுண்டராஜ் வீடு நிற்கிற தன் தோட்டத்தைப் பார்த்தார், உப்பைப் பார்த்தார். கடைசியில் முறத்தை எடுத்துவந்து, தானே உட்கார்ந்து உப்பையும் தானியத்தையும் அள்ள ஆரம்பித்தார்.

உப்பு ஊறிய அடிப்பலகையைப் பாண்டி அறுத்தெடுத்துவிட்டுப் புதுத் துண்டு வைத்தான். துருப்பிடித்த போல்ட்டுகளுக்குப் புதிது வந்தது. சுவரைத் திரும்ப நிறுத்துகிற அன்று வைகுண்டராஜ் நல்ல நேரம் எதுவும் பார்க்கச் சொல்லவில்லை. ஆட்களோடு ஆளாக ஒரு முனைக்குத் தோள் கொடுத்தார். இவாஞ்சலின் மீட்டரைக் குத்தினாள். பன்னிரண்டு. இன்னொரு இடத்தில் குத்தினாள், பதின்மூன்று. கையை வைத்தும் பார்த்துக்கொண்டாள். நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டாள்.

விஜி கடைசி நட்டைத் தானே முறுக்கி முடித்தாள். வைகுண்டராஜ் பக்கத்தில் வந்து கையை நீட்டினார்.

"அந்த ஸ்பேனர இங்க குடு விஜி. கெடந்தா தொலஞ்சு போகும். வீட்டுல பத்திரமா வச்சிருக்கேன்."

"எந்த வீட்டுல?" என்று கேட்டாள் விஜி.

அவர் நீட்டிய கை அப்படியே நின்றது. விஜி ஸ்பேனரோடு உள்ளே போனாள். தையல் மெஷினின் இழுப்பறையைத் திறந்து மூடும் சத்தம் வெளியே நின்றவர்களுக்குக் கேட்டது. பிறகு வாசலுக்கு வந்து, "உள்ள வாண்ணே, காப்பி போடுதேன்" என்றாள்.